குடம்புளி, க்ரீன் டீ, காபி, பீட்ரூட், கள்ளிமுளையான்: எடைக்கு எது, ஸ்டாமினாவுக்கு எது?

எங்க காலை ஓட்ட குரூப்ல வாரத்துக்கு ரெண்டு பேராவது இதையே கேக்கறாங்க. "அண்ணா, உடம்பும் குறையணும், ஓடறப்ப மூச்சும் வாங்கக்கூடாது, கெமிக்கல் இல்லாம இயற்கையா ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க." போன வாரம் ஒரு அக்கா அஞ்சு பாட்டில் போட்டோ எடுத்து அனுப்பி இதுல எது வாங்கட்டும்னு கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை போச்சு, அதனால ஒரேயடியா எழுதிடறேன்.

நான் டாக்டர் இல்ல. 86 கிலோல ஓட ஆரம்பிச்சவன், இப்ப 77. நடுவுல இதுல முக்காவாசி வாங்கி முழுங்கிப் பாத்து காசு விட்டிருக்கேன், அப்புறம்தான் உக்காந்து படிச்சேன், வாங்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.

எதை வெச்சு எடை போடறது

முதல் விஷயம், எடை குறையறதும் ஸ்டாமினா ஏறறதும் ரெண்டு வேற கணக்கு. பாட்டில்ல ரெண்டையும் ஒரே வரில எழுதறாங்க, ஏன்னா வாங்கறவங்களுக்கு ரெண்டுமே வேணும். உடம்புக்குள்ள நடக்கறது வேற. அதனால ஒவ்வொண்ணையும் எடைக்கு தனியா ஸ்டாமினாவுக்கு தனியா கேள்வி கேக்கப் போறேன்.

ரெண்டாவது, ஆதாரம் மனுஷங்க மேலயா எலி மேலயா. மனுஷங்கன்னா, பக்கத்துல மருந்தே இல்லாத சும்மா மாத்திரை குடுத்த இன்னொரு கூட்டத்தோட ஒப்பிட்டாங்களா? இது ரொம்ப முக்கியம், ஏன்னா எடை குறைக்கணும்னு ஒரு ஆராய்ச்சில பேர் குடுத்த உடனே நாம சாப்பாட்ட கவனிக்க ஆரம்பிச்சிடுவோம், சும்மா மாத்திரைலயும் எடை குறையும்.

மூணாவது, உடம்புக்கு என்ன கேடு வரும், யாருக்கு வரும். "இயற்கைதான, என்ன ஆகப்போகுது"ன்னு சொல்றவங்களுக்கு எஃபெட்ரா ஞாபகம் வரணும். அதுவும் செடிதான். அமெரிக்கால எடை குறைக்கன்னு கடை கடையா வித்தாங்க. 2003ல ஸ்டீவ் பெக்லர்னு 23 வயசு பேஸ்பால் வீரர் பயிற்சி நேரத்துல வெப்பத்தாக்கு வந்து இறந்துட்டாரு, எஃபெட்ராவும் அதுக்கு ஒரு காரணம்னு பிரேதப் பரிசோதனைல சொன்னாங்க, அடுத்த வருஷம் அமெரிக்க அரசு எஃபெட்ரா கலந்த சப்ளிமெண்ட்ட தடை பண்ணிடுச்சு.

நாலாவது, மறைவா வர்ற செலவு. காசு மட்டும் இல்ல, கலோரி, தூக்கம், இரும்புச்சத்து எல்லாம் இதுல சேரும்.

இன்னொண்ணு, டப்பா மேல எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க நம்பர் இருக்கு அண்ணா, அரசாங்கமே ஓகே சொல்லிடுச்சுன்னு காட்டறாங்க. அது அந்தக் கம்பெனிக்கு உணவுப் பொருள் செய்ய லைசென்ஸ் இருக்குன்னு சொல்ற நம்பர். எடை குறையும்னு குடுத்த சர்டிபிகேட் இல்ல. அதே டப்பால "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல சின்னதா போட்டிருக்கும், தேடிப் பாருங்க.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு முதல்லயே அட்டவணை. செலவு எல்லாம் எனக்கு ஆனது, உங்க ஊர்ல மாறும்.

| எது | எடைக்கு | ஸ்டாமினாவுக்கு | மாசச் செலவு | மறைஞ்சிருக்கறது |
|---|---|---|---|---|
| குடம்புளி மாத்திரை | கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல | நம்பற மாதிரி இல்ல | 700 ரூபாய் | கல்லீரல் |
| க்ரீன் டீ, கப்புல | கிராம் கணக்கு | சொல்லிக்கற மாதிரி இல்ல | 150 ரூபாய் | இரும்புச்சத்து |
| க்ரீன் டீ காப்ஸ்யூல் | அதே கிராம் கணக்கு | சொல்லிக்கற மாதிரி இல்ல | 900 ரூபாய் | கல்லீரல் |
| காபி | நேரடியா இல்ல | நல்லாவே உண்டு | வீட்ல இருக்கறதுதான் | தூக்கம், சர்க்கரை |
| பீட்ரூட் ஜூஸ் | இல்ல, கூடவும் கூடலாம் | உண்டு | ரேஸ் வாரத்துக்கு 200 ரூபாய் | கலோரி, கிட்னிக் கல் |
| கள்ளிமுளையான் | பசி கொஞ்சம் அடங்கலாம் | தெளிவா இல்ல | பறிச்சா சும்மா, மாத்திரைன்னா 800 | கிடைக்கறதே கஷ்டம் |

குடம்புளி மாத்திரை

கார்சீனியா கம்போஜியான்னு ஸ்டைலா பேர் போட்டு விக்கறாங்களே, அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல விளையற குடம்புளிதான், கேரளாவுலயும் கன்னியாகுமரிப் பக்கமும் மீன் குழம்புல போடுவாங்க, இலங்கைல கொறக்காம்பாங்க. அந்தத் தோல்ல ஹைட்ராக்ஸி சிட்ரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு. சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு கொழுப்பா மாத்தறதுக்கு ஒரு என்சைம் வேணும், அதை இந்த ஆசிட் தடுக்குது. டெஸ்ட் ட்யூப்ல தடுக்குது, எலில தடுக்குது. கேக்கறப்ப நல்லாத்தான் இருக்கு.

மனுஷங்க கிட்ட என்ன ஆச்சுன்னா, 1998ல நியூயார்க்ல 135 பேர எடுத்து பாதிப் பேருக்கு தினம் 1500 மி.கி. அந்த ஆசிட், மீதிப் பேருக்கு சும்மா மாத்திரை, எல்லாருக்கும் கலோரி கம்மியான சாப்பாடு, 12 வாரம். குடம்புளிக்காரங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க. சும்மா மாத்திரைக்காரங்க 4.1 கிலோ. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க, சும்மா மாத்திரைதான் கொஞ்சம் ஜாஸ்தி, அந்த வித்தியாசமும் பெருசா எடுத்துக்கற அளவு இல்ல, அதாவது ரெண்டும் ஒண்ணுதான். அது அமெரிக்க மருத்துவ சங்கத்தோட பத்திரிகைலயே வந்தது. அப்புறம் வந்த சின்னச் சின்ன ஆராய்ச்சி எல்லாத்தையும் 2011ல ஒண்ணு சேத்துப் பாத்தாங்க, ஒரு கிலோவுக்கும் கம்மியான வித்தியாசம் வந்துது, அதுலயும் ஒழுங்கா நடத்தின ஆராய்ச்சிகளை மட்டும் எடுத்தா அதுவும் நிக்கல.

ஸ்டாமினான்னு பாத்தா எலி கொஞ்சம் கூடுதலா நீந்துச்சு ஓடுச்சுன்னு ஜப்பான்ல பாத்திருக்காங்க. நாம எலி இல்ல.

கேடுதான் இதுல பெருசு. 2009 மே மாசம் அமெரிக்கால வித்த ஹைட்ராக்ஸிகட்ங்கற எடைக் குறைப்பு பிராண்ட பயன்படுத்தாதீங்கன்னு அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவிச்சுது, கல்லீரல் பாதிப்பு உட்பட 23 சீரியஸ் புகார், ஒருத்தர் இறந்திருந்தாரு, கம்பெனி 14 பொருளத் திரும்ப எடுத்துக்குச்சு. அதுல பல பொருளோட ஃபார்முலால குடம்புளி இருந்துது. அது கலவை, எதனால வந்துதுன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டீங்கன்னா நியாயமான கேள்விதான். அப்புறம் அமெரிக்கால மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்ப மட்டும் பதிவு பண்ற ஒரு டாக்டர் கூட்டம், குடம்புளி சம்பந்தப்பட்ட 22 பேர வரிசையா ஆராய்ஞ்சு எழுதுச்சு, அதுல அஞ்சு பேர் குடம்புளிய மட்டும் தனியா எடுத்தவங்க, நிறையப் பேர் குடம்புளியும் க்ரீன் டீயும் சேத்து எடுத்தவங்க. ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கறவங்களுக்குத்தான் அதிகமா வருதுன்னும் பாத்திருக்காங்க, ஆனா அந்த மரபணு உங்களுக்கு இருக்கான்னு மாத்திரைய முழுங்கறதுக்கு முன்னாடி யாரு டெஸ்ட் பண்றா?

நான் மூணு மாசம் சாப்ட்டேன். ரெண்டு கிலோ குறைஞ்சுது. அதே மூணு மாசம் என்கூட ஓடின பக்கத்து வீட்டுத் தம்பி ஒண்ணும் சாப்பிடல, அவனுக்கும் ரெண்டு கிலோ. 2100 ரூபாய்க்கு நான் தெரிஞ்சுக்கிட்டது அவ்ளோதான்.

எப்ப இது சரி? மீன் குழம்புல ரெண்டு சுளை, அப்ப சரி. குழம்புல போடற அளவுக்கும் காப்ஸ்யூல்ல அடைக்கற சாறுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால குழம்பப் பாத்துப் பயப்படவும் வேணாம், குழம்பச் சொல்லி காப்ஸ்யூல நியாயப்படுத்தவும் வேணாம். சுகர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை எடுக்கறவங்க, ஏற்கனவே கல்லீரல் பிரச்சனை இருக்கறவங்க இந்தக் காப்ஸ்யூல் பக்கமே போகாதீங்க.

க்ரீன் டீ: கப்பு வேற, காப்ஸ்யூல் வேற

இதுல இருக்கறது கேட்டச்சின்னு ஒரு வகை தாவரப் பொருள், அதுல முக்கியமானது ஈஜிசிஜி. உலகம் முழுக்க வந்த ஆராய்ச்சிகளை வடிகட்டற காக்ரேன் அமைப்பு 2012ல இத எடுத்துது. ஜப்பானுக்கு வெளிய நடந்த ஆராய்ச்சிகள்ல சராசரி வித்தியாசம் 0.04 கிலோ. அதாவது 40 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை.

கப்புல குடிக்கறவங்களுக்கு கேடு கம்மி. சாப்பாட்டோட சேத்துக் குடிச்சா சாப்பாட்ல இருக்கற இரும்புச்சத்து ஒழுங்கா சேராது, ரத்தசோகை இருக்கற பெண்கள் இத கவனிக்கணும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். காப்ஸ்யூல்தான் வம்பு. 2018ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, சப்ளிமெண்ட்ல தினம் 800 மி.கி. அல்லது அதுக்கு மேல ஈஜிசிஜி போனா ரத்தத்துல கல்லீரல் என்சைம் ஏற ஆரம்பிக்குதுன்னு சொல்லிச்சு, அது கல்லீரல் அடிபடறதுக்கு அடையாளம். ஒரே காப்ஸ்யூல்ல நாலஞ்சு கப்போட சத்து, அதையும் வெறும் வயித்துல போடச் சொல்லி இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ். வெறும் வயித்துல போட்டா ரத்தத்துல இன்னும் ஜாஸ்தி ஏறும்.

எப்ப நல்லதுன்னா, நீங்க தினம் மூணு தடவ சர்க்கரை போட்ட பால் டீ குடிக்கற ஆளா இருந்து அதுக்குப் பதிலா இதுக்கு மாறினா நிஜமாவே எடை குறையும். அது க்ரீன் டீ பண்ணின வேலை இல்ல, விட்ட சர்க்கரை பண்ணின வேலை. அதுக்கு வெந்நீரும் போதும், ஆனா வெந்நீரோட உக்காந்து யாரும் பேப்பர் படிக்க முடியாதுல்ல.

காபி

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஸ்டாமினாவுக்கு சட்டம் ஒத்துக்கற, ஆராய்ச்சி ஒத்துக்கற, பாக்கெட் ஒத்துக்கற பொருள் இதுதான். காபில இருக்கற கஃபீன் 2004 வரைக்கும் விளையாட்டு ஊக்கமருந்து தடைப் பட்டியல்ல ஒரு அளவுக்கு மேல போனா தப்புன்னு இருந்துது, அந்த வருஷம்தான் எடுத்தாங்க, இப்பவும் கண்காணிப்புல வெச்சிருக்காங்க. ஒண்ணும் பண்ணாத பொருள எவனும் கண்காணிக்க மாட்டான். உடம்பு எடை கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. வரைக்கும், ஓடறதுக்கு முக்கா மணி, ஒரு மணி நேரம் முன்னாடி. சோர்வுன்னு மூளைக்கு சொல்ற அடினோசின் போய் உக்கார்ற இடத்துல இது போய் உக்காந்துக்குது, அதனால அதே வேகம் கொஞ்சம் லேசா தோணுது. ரேஸ்ல 2 முதல் 4 சதவீதம் வரைக்கும் முன்னேற்றம் பாத்திருக்காங்க. 10 கிலோமீட்டர 70 நிமிஷத்துல ஓடறவங்களுக்கு 2 சதவீதம்னா சுமார் ஒன்றரை நிமிஷம். சிலருக்கு ஒண்ணுமே தெரியாது, சிலருக்கு படபடப்பு மட்டும் வரும்.

60 கிலோ ஆளுக்கு 3 மி.கி. கணக்குல 180 மி.கி. வேணும். இங்கதான் நம்ம ஃபில்டர் காபில ஒரு சிக்கல். பொடில சிக்கரி கலந்திருக்கும், சிக்கரில கஃபீனே கிடையாது. கடைல எத்தன சதவீதம் சிக்கரின்னு கேட்டு வாங்குங்க, பாக்கெட்னா பின்னாடி போட்டிருக்கும். 40 சதவீதம் சிக்கரி கலந்த தண்ணி டிகாஷன குடிச்சிட்டு காபி எனக்கு வேலை செய்யலங்கறாங்க, காபி எங்க இருக்கு அதுல.

எடைக்கு வருவோம். ஓடறப்ப எரியறது மோட்டா கணக்குல கிலோவுக்கு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 80 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினா 80 கலோரி. காபி குடிச்சதால அஞ்சு கிலோமீட்டருக்குப் பதிலா ஆறு ஓடிட்டீங்கன்னு வெச்சுக்கங்க, அந்த எக்ஸ்ட்ரா ஒண்ணுல எரிஞ்சது 80. நீங்க குடிச்ச டம்ளர்ல 100 மில்லி கெட்டிப் பால், ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 100 கலோரி. கணக்கு முடிஞ்சுது, நாம 20 கலோரி கடன்ல இருக்கோம். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி, அதாவது 80 கிலோ ஆளுக்கு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் பத்தொன்பது, அதுக்கு நடுவுல வடை சாப்பிடாம இருந்தா. அதனால ஓட்டத்துக்குக் காபின்னா கருப்புக் காபி.

பச்சைக் காபிக்கொட்டை காப்ஸ்யூல்னு ஒண்ணு விக்கறாங்களே, அதுவும் எடைக்குன்னு, அந்தக் கதைய சொல்லியே ஆகணும். 2012ல ஒரு ஆராய்ச்சி வந்துது, 16 பேர், பெங்களூர்ல நடத்தினது. அமெரிக்கால டிவி டாக்டர் மெஹ்மெத் ஆஸ் அத எடுத்து ஆகா ஓகோன்னாரு, விற்பனை பறந்துது. 2014ல அந்த நாட்டு வர்த்தக ஆணையம் தோண்டிப் பாத்தா, ஆராய்ச்சி நடத்தினவர் எடை நம்பரையே பல தடவ மாத்தியிருக்காருன்னு சொன்னாங்க, ஆராய்ச்சிக்கு காசு குடுத்த கம்பெனி 35 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு, ஆய்வுக் கட்டுரையையும் எழுதினவங்களே வாபஸ் வாங்கினாங்க. ஆஸ அதே வருஷம் ஜூன்ல செனட்ல உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாங்க. பச்சைக்கொட்டை காப்ஸ்யூல் மட்டும் இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்கு.

மறைவுச் செலவு: கஃபீன்ல பாதி உடம்ப விட்டுப் போக சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலம் ஓடறவங்க ஆறு மணிக்கு குடிச்சா ராத்திரி பதினோரு மணிக்கும் பாதி உள்ள இருக்கு. தூக்கம் கெட்டா அடுத்த நாள் பசி அதிகம், அதுல எடை வேற ஏறும். ஒரு நாளைக்கு மொத்தம் 400 மி.கி. தாண்ட வேணாம், கர்ப்பிணிகளுக்கு 200 தான். நெஞ்சு படபடப்பு, பிபி, வயித்துப் புண், இது இருக்கறவங்களுக்கு இந்த ஆப்ஷனே இல்ல.

பீட்ரூட்

2009ல இங்கிலாந்து எக்ஸிடர் பல்கலைக்கழகத்துல எட்டு ஆம்பளைங்களுக்கு ஆறு நாள் தினம் அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் குடுத்து சைக்கிள் மிதிக்க வெச்சாங்க. முடியலன்னு நிறுத்தற வரைக்கும் ஆன நேரம் 16 சதவீதம் கூடுச்சு. மிதமான வேகத்துல ஆக்சிஜன் செலவும் குறைஞ்சுது. அதுல இருக்கற நைட்ரேட்தான் காரணம். 2018ல ஒலிம்பிக் கமிட்டி சப்ளிமெண்ட் பத்தி வெளியிட்ட அறிக்கைல நல்ல ஆதாரம் இருக்குன்னு ஏத்துக்கிட்ட நாலஞ்சு பொருள்ல கஃபீனும் இருக்கு, நைட்ரேட்டும் இருக்கு. குடம்புளி இல்ல.

ஆனா அந்த 16 சதவீதத்தப் பாத்து ஏமாறாதீங்க. அது ஒரே வேகத்துல தாங்கற நேரம், ரேஸ் முடிக்கற நேரம் இல்ல. ரேஸ் நேரத்துல வர்றது ஒண்ணு ரெண்டு சதவீதம்தான், அதுவும் நல்லா பழகின ஓட்டக்காரங்களுக்கு இன்னும் கம்மி. புதுசா ஓடறவங்களுக்குத்தான் இதுல லாபம்.

வேலை செய்யற விதம் வேடிக்கையானது. நைட்ரேட் ரத்தத்துக்குப் போய், எச்சில்ல திரும்பி வந்து, நாக்குல இருக்கற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தி, அப்புறம்தான் ரத்தக் குழாய விரிக்கற நைட்ரிக் ஆக்சைடாகும். அதனால ஓடற நாள் காலைல மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சீங்கன்னா ஜூஸ் வீண், பாக்டீரியா செத்துடும். ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி குடிக்கணும். அஞ்சு மணிக்கு ஓட்டம்னா ரெண்டு மணிக்கு எந்திரிக்கணுமான்னு கேப்பீங்க, ரேஸ்க்கு முந்தின மூணு நாலு நாளா குடிச்சிட்டு வந்தாலும் பலன் உண்டு.

பொரியல்னா? வேக வெச்ச தண்ணிய கொட்டினா நைட்ரேட்டும் கொஞ்சம் போயிடும். ஜூஸ்தான் லேசு. எங்க வீட்டு மிக்ஸில முக்கா கிலோவுக்கு அரை லிட்டர் வருது, அடிச்ச உடனே குடிச்சிடணும், வெளிய வெச்சா கெட்டுப் போய் அந்த நைட்ரைட் பாத்திரத்துலயே உருவாகிடும், அது நல்லதில்ல.

எடைக்கு இது எதிரி. அரை லிட்டர்ல 200 கலோரி வரைக்கும் இருக்கு, தினம் குடிச்சிட்டு எடை குறையலன்னு அழாதீங்க. ஆக்ஸலேட் ஜாஸ்தி, கிட்னில கல் வந்தவங்க வேணாம். பிபியக் குறைக்கும், அதனால பிபி மாத்திரை, நெஞ்சுவலி மாத்திரை எடுக்கறவங்க டாக்டரக் கேட்டுட்டுக் குடிங்க.

இன்னொண்ணு, அடுத்த நாள் காலைல பாத்ரூம்ல மூத்திரம் சிவப்பா போகும். எனக்கு முதல் தடவ போனப்ப ரத்தம்னு நெனச்சு மனைவிய எழுப்பி, அவங்க சிரிச்ச சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டுது. ரோஸ் கலர்னா பீட்ரூட். ஆனா குடம்புளியோ க்ரீன் டீ காப்ஸ்யூலோ சாப்பிடறவங்களுக்கு மூத்திரம் கட்டன் சாயா (பால் விடாத டீ) கலர்ல போச்சுன்னா, கண்ணு மஞ்சளா இருந்தா, உடம்பு அரிச்சா, வாந்தி வந்தா, சிரிக்கக்கூடாது, மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர்கிட்டப் போகணும், டப்பாவையும் கைல எடுத்துட்டுப் போகணும்.

கள்ளிமுளையான்

எங்க தாராபுரம் பக்கம் வறண்ட காட்டுல, பாறை ஓரம், வேலி ஓரம் வரும். நாலு பட்டையா விரல் தடிமன்ல நிக்கும். ஆடு மேய்க்கறவங்க அப்படியே ஒடிச்சு மெல்லுவாங்க, புளிப்பும் லேசா கசப்பும். எங்க அம்மிச்சி (பாட்டி) நார் சீவி எண்ணெய்ல வதக்கி உளுந்து மிளகாய் வெச்சு துவையல் அரைக்கும். இத மென்னா பசி தெரியாதுன்னு அம்மிச்சியும் சொல்லும், வெள்ளைக்காரன் மாத்திரை டப்பாலயும் அதையேதான் எழுதியிருக்கான், காரலுமா ஃபிம்ப்ரியேட்டான்னு.

2007ல வந்த பெங்களூர் ஆராய்ச்சில 50 பேருக்கு 60 நாள், பாதிப் பேருக்கு தினம் ஒரு கிராம் சாறு. இடுப்புச் சுத்தளவும் பசியும் குறைஞ்சுது, எடைல மட்டும் சும்மா மாத்திரையோட ஒப்பிட்டா சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. இந்தப் பட்டியல்ல எடைப் பக்கம் லேசா ஒரு நம்பிக்கை தர்றது இது ஒண்ணுதான், அதுவும் 50 பேர வெச்சு. 800 ரூபாய் குடுத்து மாத்திரையா வாங்கற அளவுக்கு எனக்கு நம்பிக்கை வரல. ஊர்ல கிடைச்சா துவையலா சாப்பிடுங்க. ஆனா துவையல் நல்லா இருந்தா சோறு ரெண்டு கரண்டி கூடத்தான் போகும், அம்மிச்சி வீட்ல எனக்கு எப்பவும் அப்படித்தான் ஆச்சு.

சரி, யாருக்கு எது

எடை மட்டும் குறையணும்னா இந்த அஞ்சுல எதையும் வாங்காதீங்க. அந்தக் காச எண்ணெய் அளக்கற ஸ்பூனுக்கும் ஒரு கிச்சன் தராசுக்கும் போடுங்க.

முதல் 10 கிலோமீட்டர் ரேஸ்க்குப் பேர் குடுத்திருக்கீங்க, பிபி கிட்னி எல்லாம் சரியா இருக்குன்னா, காபியும் பீட்ரூட்டும். ரெண்டையும் ரேஸ் அன்னைக்கு முதல் தடவையா முயற்சி பண்ணாதீங்க, ஞாயித்துக்கிழமை நீள ஓட்டத்துல ஒரு தடவ பாத்துடுங்க, ரெண்டுமே சிலருக்கு வயித்தக் கலக்கும், நாலாவது கிலோமீட்டர்ல கலக்கினா அந்த ஒன்றரை நிமிஷ லாபத்த வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

சாயங்கால ஓட்டக்காரங்களுக்கு காபி வேணாம், பீட்ரூட் மட்டும். கல் வந்தவங்களுக்கு பீட்ரூட் வேணாம், காபி மட்டும். ரெண்டும் ஒத்துக்காதவங்க வெறும் தண்ணி குடிச்சிட்டு ஓடுங்க, நான் இதெல்லாம் முழுங்கின மாசத்த விட ஒண்ணும் முழுங்காம வாரம் நாலு நாள் ஒழுங்கா ஓடின மாசத்துலதான் நேரம் நல்லா குறைஞ்சுது.

போட்டோ அனுப்பின அக்காவுக்கு: அதுல மூணாவது பாட்டில்ல குடம்புளியும் க்ரீன் டீ சாறும் சேந்தே இருக்கு, ஜூம் பண்ணிப் பாத்தேன். அத மட்டும் கண்டிப்பா திருப்பிக் குடுத்துடுங்க, பில் இருக்குல்ல?